படுவான்கரையில் நான் பிடித்த சீட்டு

பகற்கனவு காண்கிறவர்கள் செய்யக்கூடாத வேலைகள் சில உண்டு. பால் காய்ச்சுவது, பஸ் ஓட்டுவது, மொழிபெயர்ப்பது. பஸ் ஓட்ட எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. மற்ற இரண்டையும் செய்திருக்கிறேன். பால் பொங்கி அடுப்பை அணைத்த கதைகளை நான் எடுத்தால் என் வீட்டுக்காரர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். மொழிபெயர்த்த கதையை மட்டும் அவரே எல்லோருக்கும் சொல்லுவார். நான் பக்கத்தில் இருக்கும்போதே, நான் செய்யாததையும் சேர்த்துச் சொல்லுவார். ஒரு தடவையாவது நானே சரியாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கடல் வந்துபோன அடுத்த வருடம் அது. கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினியின் அடுப்பையும் கூரையையும் கிணற்றுக்கட்டையும் கடல் கொண்டுபோயிருந்தது. எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஒழுங்கை வீடுகளில் எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதனால் அந்த மாதங்களில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. தூக்கத்தில் நடப்பவர்களைப்போல ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்துகொண்டிருந்தோம். நான் ஆங்கிலத்தில் பட்டம் முடித்துவிட்டு, கூரையில்லாத குசினியில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (இதை அம்மா 'மகள் வேலை தேடுறா' என்று அயலில் சொல்லி வைத்திருந்தார்.)

வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குள் வரத் தொடங்கியதும் ஆங்கிலம் தெரிந்த எல்லோருக்கும் வேலை கிடைத்தது. அப்படித்தான் சுகாதாரத் திணைக்களத்தின் திட்டப் பிரிவொன்றில் எனக்கும் ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன. பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் சிவபாதம். மெலிந்த மனிதர். எவரோடு பேசினாலும் நெஞ்சுச் சத்தம் கேட்பவரைப்போலத் தலையைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொள்வார். கோபம் வந்தால் அவருடைய குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்ந்த குரலும் எழாமல் அவர் கையை மட்டும் காட்டிய ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வேலை இதுதான். பல நாடுகள் சேர்ந்து ஒரே இடத்தில் நிதி போட்டு வைத்திருந்தன. ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வந்து ஒரே ஊரில் மூன்று கட்டடங்களைக் கட்டிவிட்டு அடுத்த ஊரை மறந்துவிட்டுப் போகாமல் இருக்க அப்படியோர் ஏற்பாடு. அந்தக் கூட்டு நிதியை அரசாங்கம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு எங்கே என்ன இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் இருந்தவர்களுக்கு எங்கள் வாவியின் அக்கரை வரைபடத்தில் ஒரு பச்சை நிறம், அவ்வளவுதான். அந்தப் பச்சைக்குள் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, அங்கே பிள்ளை பெறுகிறவளுக்கு ஒழுங்கான ஓர் அறை இல்லை, வெளிச்சம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஒரு படகு இல்லை என்று டொக்டர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் அதை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. நிதியின் சார்பில் ஒரு பெண்மணி வருகிறார். அக்கரைத் தாய்மாரோடு நேரில் பேசுவார். அவருக்குத் திருப்தி என்றால் எங்கள் விண்ணப்பம் மேலே போகும்.

அவர் வருவதற்கு முதல் நாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, அவங்க என்ன சொல்லுறாங்களோ அத மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டும்போது என்ன சேலை கட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த பெண்மணியின் பெயர் மார்கிட். அம்மாவின் வயதிருக்கும். நரைத்த கூந்தலை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். கழுத்தில் நீல நிறத்தில் ஒரு மெல்லிய சால்வை. குருமண்வெளித் துறையில் காலையிலேயே நின்றோம். பாலம் இல்லாத அந்த இடத்தில் ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான மிதவைக்கு 'பாதை' என்று பெயர். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று மார்கிட் கேட்டார். தண்ணீருக்கு மேல் எங்களுக்கு இருக்கிற பாதை இதுதானே என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குத் தலை கிறுகிறுக்கத் தொடங்கியது.

அன்று வாவியில் காற்றே இல்லை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. தூரத்தில் தோணியில் நின்று வலை வீசிய ஒருவர் தண்ணீரில் நிற்கிறாரா வானத்தில் நிற்கிறாரா என்று சொல்ல முடியாமல் இருந்தது. பாதையின் மோட்டர் சத்தம்கூடப் பஞ்சுக்குள் சுற்றி வைத்ததுபோலக் கேட்டது. நாங்கள் விட்டுவந்த கரைக்கு எழுவான்கரை என்று பெயர், சூரியன் எழுகிற கரை. போகிற கரை படுவான்கரை, சூரியன் படுக்கிற கரை. இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது மார்கிட் அந்த இரண்டு சொற்களையும் வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். என் வாயிலிருந்து வருவதெல்லாம் அழகாக இருக்கிறது என்று எனக்கு ஒரு நிச்சயம் வந்துவிட்டது. இரண்டு கரைகளுக்கும் நடுவில் நானே ஒரு பாலமாகக் கிடப்பதுபோலவும், என்மேல் நாடுகள் நடந்து வருவதுபோலவும் ஒரு கனவு. (பாலத்தின் மேல் என்ன சேலை என்பதுகூடக் கனவில் துல்லியமாகத் தெரிந்தது.)

மண்டூரில் இறங்கி உள்ளே வெகுதூரம் போனோம். இருபுறமும் அறுவடை முடிந்த வட்டைகள், வெறும் வயல்வெளியாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தன. அக்கரையில் அந்த நாட்களில் அரசாங்கம் இல்லை, இயக்கத்தின் ஆட்சி. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். அப்போதும் நான் கனவில் இருந்து முழுதாக இறங்கவில்லை. ஊர் மருந்தகத்தின் விறாந்தையில் தாய்மார் பாய்விரித்து அமர்ந்திருந்தார்கள். டொக்டர், பிரசவ அறை என்று பெயர்பெற்ற பின்பக்கத்து அறையைப் பார்க்க மருந்தகக்காரரோடு போய்விட்டார். போகும்போது என்னை ஒருமுறை பார்த்தார். நான் புன்னகைத்தேன்.

மார்கிட் பேசத் தொடங்கினார். பங்காளி நாடுகள் வளங்களை ஒன்றிணைத்திருப்பது, அரசாங்கங்கள் முன்னுரிமைகளை முன்வைப்பது, பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு வலுப்பெறுவது, பொறுப்புக்கூறல் என்று நீளமாகப் போனது. இந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழ் எனக்கு மனப்பாடம். மாதக்கணக்கில் எழுதிய சொற்கள். ஆனால் விறாந்தையில் இருந்த முகங்களைப் பார்த்ததும் அவை எல்லாம் வயலில் நின்ற கொக்குகள்போல ஒன்றாக எழுந்து பறந்துவிட்டன. பெண்கள் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"இது ஒரு பெரிய சீட்டு மாதிரி," என்றேன். "எல்லா நாடும் சேர்ந்து போடுறாங்க. தேவைப்பட்ட நாடு எடுக்கலாம். இப்ப எங்கட முறைக்குக் கேக்கிறம்."

அதுவரை தூங்கி வழிந்த விறாந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஊரில் சென்ற வருடம்தான் ஒருத்தி சீட்டுப் பிடித்து, பாதியில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறியிருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முன்வரிசையில் இருந்தவர் பூமணி அக்கா, தாய்மார் சங்கத்தின் தலைவி. அகலமான நெற்றி, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். மார்கிட்டைத் தலையில் இருந்து கால்வரை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவட வீடு எங்க இரிக்கு? நாளைக்கு ஓடிப் போனா எங்க போய்ப் பிடிக்கிற?"

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? ஒரு கணம்தான் யோசித்தேன். உங்கள் வீடு எங்கே என்று கேட்கிறார், ஒருநாள் வந்து பார்க்க ஆசையாம் என்றேன்.

மார்கிட் நெகிழ்ந்துவிட்டார். தன் வீடு வடக்கே ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது, குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்துவிடும், அதன்மேல் நடந்தே அடுத்த கரைக்குப் போகலாம் என்றார். இதை நான் மிக அழகாக மொழிபெயர்த்தேன். ஏரியின் மேல் நிலா வெளிச்சத்தையும் என் பங்குக்குச் சேர்த்தேன். பெண்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். பூமணி அக்கா மட்டும் வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

"அப்ப ஓடுறத்துக்குத் தோணியும் தேவையில்ல எண்டு சொல்லுங்க."

மார்கிட் ஆவலோடு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: எங்கள் வாவியும் அப்படி உறைந்தால் நோவெடுத்த பெண்கள் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமே என்று சொல்கிறார்.

மார்கிட் குனிந்து எழுதிக்கொண்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது. அந்த வாக்கியத்தை உண்மையிலேயே பூமணி அக்கா சொன்னதாகவே நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

அடுத்து, முதல் சீட்டை யார் எடுப்பது, குலுக்கலா ஏலமா என்று ஒருவர் கேட்டார். முன்னுரிமை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று அதை மாற்றினேன். (அன்று நான் செய்த ஒரே ஒழுங்கான மொழிபெயர்ப்பு.) மார்கிட் வியந்துபோய் நீண்ட விளக்கம் கொடுத்தார். ஏழ்மை, நோய், போர், இயற்கை அழிவு எல்லாம் பார்க்கப்படும் என்றார். அதை நான் சுருக்கி, கஷ்டப்பட்டவங்களுக்கு முதலில் என்றேன். எடுக்கிற காசில் கழிவு போகுமா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவில்லை. மார்கிட்டும் கேட்டவரும் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

பூமணி அக்கா சிரிக்கவில்லை. மார்கிட்டின் கையையும் காதையும் கவனித்துக்கொண்டிருந்தார். சீட்டுப் பிடிக்கிற பெண்ணுக்குக் கையிலோ காதிலோ பொட்டுத் தங்கமாவது கிடக்க வேண்டாமா, இது என்ன வெறும் உடம்பு என்று என்னைக் கேட்டார். உங்கள் எளிமையைக் கண்டு வியக்கிறார் என்றேன். அதைக் கேட்ட மார்கிட், தன் கழுத்தில் கிடந்த நீலச் சால்வையைக் கழற்றி இரண்டு கையாலும் பூமணி அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலாக மடித்துத் தன் பன்புல் பைக்குள் வைத்தார்.

"சரி, ஈடா இரிக்கட்டும். ஆனா சீலத்துண்டு காணாது, மகள். மணிக்கூட்டக் கேளுங்க."

இந்த இடத்திலாவது நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. என் பாலம் ஆடத் தொடங்கியிருந்தது என்று தெரிந்தது. ஆனால் பாலத்தில் நடுவழியில் நிற்பவர் திரும்பி ஓடவா முடியும்? நேரம் என்ன என்று கேட்கிறார் என்று மார்கிட்டுக்குச் சொன்னேன்.

மார்கிட் அன்போடு கையை நீட்டி மணிக்கூட்டைக் காட்டினார். பூமணி அக்கா அந்தக் கையைப் பிடித்து, அமைதியாக, வாரைக் கழற்றத் தொடங்கினார். மார்கிட் முதலில் திகைத்தார். பிறகு இது ஊர் வழக்கமாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். கழற்ற வசதியாகக் கையைத் திருப்பிக் கொடுத்தார்.

டொக்டர் உள்ளே வந்தது அப்போதுதான்.

அவர் கேட்கவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. பூமணி அக்காவே சொன்னார், டொக்டர் ஐயா, வெள்ளைக்கார அம்மா பிடிக்கிற சீட்டுக்கு ஈடு வாங்குகிறோம் என்று. டொக்டர் என்னைப் பார்த்தார். கையை மெதுவாக உயர்த்தி வெளியே காட்டினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்து வேம்பின் கீழ் போய் நின்றேன். (செருப்பு என்னுடையதல்ல என்று பிறகுதான் தெரிந்தது.)

அங்கிருந்து பார்க்க, வட்டைக்கு அப்பால் வாவி ஒரு வெள்ளிக்கீறாகத் தெரிந்தது. விறாந்தையில் டொக்டர் ஒரு பாயில் அமர்ந்து பூமணி அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மார்கிட்டிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கேட்கவில்லை. மார்கிட்டின் முகம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்கு வரவேண்டிய ஓர் அறையும் ஒரு விளக்கும் ஒரு படகும் என்னால் இல்லாமல் போய்விட்டன. வேலையும் போய்விட்டது. நான் திரும்ப அந்தக் கூரையில்லாத குசினிக்குப் போய் உட்கார வேண்டியதுதான். வேம்பு உதிர்த்த பூக்கள் என் தலையில் விழுந்தபடி இருந்தன. இந்த மரத்தோடு மரமாக நின்றுவிட்டால் நாலு பேருக்கு நிழலாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவமானத்திலும் எனக்குக் கனவுதான் வந்தது.

பிறகு டொக்டர் கூப்பிட்டார். மார்கிட் என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார். பூமணி அக்காவைக் காட்டி, ஏரி உறைவதைப் பற்றி இவர் சொன்னதை நீங்களே இப்போது சொல்லுங்கள் என்றார். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன்: அப்படியானால் நீங்கள் ஓடுவதற்குத் தோணியும் தேவையில்லை என்றார்.

மார்கிட் எழுதியதை ஒருமுறை பார்த்தார். அதை நீளக் கோடிட்டு வெட்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பூமணி அக்கா என்ன விஷயம் என்று என்னைப் பார்த்தார். நீங்க சொன்னத இப்பதான் சொன்னன் அக்கா என்றேன். அப்ப முந்தி என்ன சொன்னீங்க என்று கேட்டார். அதையும் சொன்னேன். பூமணி அக்கா எழுந்துபோய் வெற்றிலையை முற்றத்தில் துப்பிவிட்டு வந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லல்ல," என்றார். "ஆனா என்ட கடைசிப் புள்ள பாதையிலதான் பிறந்தவள். அதச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு மாரியில் நோவெடுத்து, மாட்டுவண்டியில் மண்டூர்த் துறைக்கு வந்து, பாதையில் ஏற்றினார்களாம். நடு வாவியில் இனித் தாங்காது என்று ஆகிவிட்டதாம். பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்களாம். பாதைக்காரர் மோட்டரை நிறுத்திவிட்டாராம்.

"ஏன் நிறுத்தினார்?" என்று மார்கிட் கேட்டார்.

"புள்ள பிறக்கிற நேரம் சத்தம் வேணாம் எண்டு," என்றார் பூமணி அக்கா. "தண்ணி அப்பிடியே கிடந்திச்சு. பாதை தானாப் போய்க்கொண்டு இரிந்திச்சு. புள்ளட குரல்தான் முதல் கேட்ட சத்தம்."

இதில் கூட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. குறைப்பதற்கும் மனம் வரவில்லை. சொல்லிமுடித்தேன். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று கத்தியது. டொக்டர் தலையைச் சாய்த்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மார்கிட் பின்னேரம்வரை இருந்தார். ஓடிப்போனால் யாரைப் பிடிப்பது, கழிவு போகுமா, சொன்னதைச் செய்யாவிட்டால் எங்கே முறையிடுவது என்று கேட்ட எல்லாவற்றுக்கும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். புறப்படும்போது பூமணி அக்கா மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்தார். சால்வையைக் கொடுக்கவில்லை. மார்கிட் கேட்கவும் இல்லை. திரும்பி வருகிற பாதையில் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்தது. டொக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நாளையில் இருந்து எழுத்து வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்றார். பிறகு, வேறு பக்கம் பார்த்தபடி, சீட்டு என்றது நல்ல சொல்தான் என்றார்.

எங்கள் விண்ணப்பம் மேலே போனது. ஏற்றும் கொண்டார்கள். ஆனால் அந்தச் செய்தியைச் சந்தோஷமாகச் சொல்லி முடிப்பதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. படுவான்கரைச் சனம் சட்டிபானையோடு வாவியைக் கடந்து இக்கரைக்கு வந்தது. பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் அவர்களைப் பதிய நாங்கள் போனோம். அப்படி ஒரு கூடாரத்துக்குள் இருந்து பூமணி அக்காவின் குரல் கேட்டது. மெலிந்து, பாதியாகியிருந்தார். கையில் ஒரு சிறுமி. அந்த நிலையிலும் என்னைக் கண்டதும் கேட்டார்: "மகள், சீட்டு விழுந்திட்டா?"

இன்னும் இல்லை அக்கா என்றேன். அவர் தலையாட்டினார். அந்தக் கேள்வியைப் பிறகும் பலமுறை கேட்டார், சந்தையில் கண்டபோது, ஊருக்குத் திரும்பப்போகும் பஸ்ஸில் ஏறி நின்று யன்னலால் எட்டிப் பார்த்தபோது. யுத்தம் எல்லா இடத்திலும் முடிந்து, செத்தவர்களின் பெயர்களை மெல்லச் சொல்லத் தொடங்கிய காலத்தில்தான் அந்த ஊரில் அத்திவாரம் வெட்டினார்கள். ஓர் அறை, வெயிலில் சக்தி எடுத்து எரியும் விளக்குகள், துறையில் நோயாளருக்கென்று ஒரு படகு. கேட்டதில் பாதிதான். நடுவில் எத்தனை பெண்கள் எப்படிப் பெற்றார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. திறப்பன்று நானும் போயிருந்தேன். சீட்டு விழுந்துவிட்டது அக்கா என்றேன். பூமணி அக்கா புது அறையின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி ஆளாத்தான் எடுத்திருக்கிறம் போல என்றார்.

இந்தக் கதை எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், என் கல்யாணத்துக்கு வந்த டொக்டர்தான் காரணம். பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாழ்ந்த குரலில், முதலில் இருந்து கடைசிவரை சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் மறுபக்கத்தில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பாயாசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது யாரையாவது திட்டினால், அதை நான் எப்படி மொழிபெயர்ப்பேன் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. மாமி 'இந்த வீடு குப்பமேடு' என்றால், மச்சாள் 'மாமிக்கு எங்கட வீட்டில நடமாட்டம் அதிகம் எண்டு சந்தோஷமாம்' என்பாள். வீதியில் நின்று யாரோடாவது சண்டை பிடிக்கும்போதுகூட என் தம்பி பாதியில் நிறுத்தி, அக்கா வந்து சொல்லட்டும் என்பான்.

போன கிழமை நான் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். அடுப்படி யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டே வைத்ததால் உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, இதை மனிசன் குடிப்பானா என்றார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். அவளுக்கும் முகம் கோணியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா சொல்றார், மாரி மழைக்கு வாவித் தண்ணியில உப்பே இல்லாமப் போய், கரையில இரிந்து அள்ளிக் குடிக்கலாம்போல இரிக்குமே, அந்த நாள் ஞாபகம் வருதாம் அம்மா."